சிவப்புப் பேனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், தங்கச்சி

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் கோண்டாவிலில் இருக்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். அயலில் உள்ள பெற்றார் கேட்டதால், பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் தரம் 8 முதல் 11 வரை படிக்கும் ஆறு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். இலக்கணமும் இலக்கியமும் எனக்குச் சிரமமில்லை. கட்டுரைதான் பிடிபடவில்லை. ஒவ்வொரு கொப்பியையும் இரவிரவாக இருந்து திருத்துகிறேன். பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிடுகிறது, ஆனால் அடுத்த கிழமை அதே பிழைகள் திரும்ப வருகின்றன. தரம் 9 படிக்கும் ஒரு தம்பி நாலு வரிக்கு மேல் எழுதவே மாட்டான். ஒரு அம்மா, "பெரிய ரியூசன்களிலை அச்சடிச்ச கட்டுரை குடுக்கினம், பிள்ளையள் பாடமாக்கினால் போதும், நீங்களும் அப்பிடிக் குடுங்கோவன்" என்கிறார். நான் கதை, கவிதை எழுதுகிறவளும் இல்லை. எழுத்தைச் சொல்லிக் கொடுக்க எப்படிப் பழகுவது?
– கோண்டாவில் வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் இரவிரவாகத் திருத்துவதை நிறுத்துங்கள். ஒரு கட்டுரையில் முப்பது இடத்தில் நீங்கள் திருத்தம் போட்டால், அந்த முப்பது இடத்திலும் யோசித்தவர் நீங்கள்தான். பிள்ளை என்ன செய்யும்? கொப்பியைத் திறக்கும், எவ்வளவு சிவப்பு என்று பார்க்கும், அடியில் உள்ள புள்ளியைப் பார்க்கும், மூடிவிடும். அடுத்த கிழமை அதே பிழை வருவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எழுத்துக்கென்றே உதவி நிலையங்கள் இருக்கின்றன. மாணவர் தான் எழுதியதைக் கொண்டுபோய் ஒருவரோடு பக்கத்தில் இருந்து கதைக்கலாம். அவற்றைப் பற்றி ஸ்ரீபன் நோர்த் என்ற பேராசிரியர் 1984 இல் ஒரு கட்டுரை எழுதினார். கையில் இருக்கும் அந்த ஒரு கட்டுரையைச் செம்மையாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை இல்லை, எழுதுகிற ஆளைத் தேற்றிவிடுவதுதான் வேலை என்று அதில் அழுத்திச் சொன்னார். உங்கள் விறாந்தைக்கும் இதுதான் பொருந்தும். பிள்ளை எழுதியதைப் பிள்ளையே பார்க்கும்படி செய்யப் பழகினால் நீங்கள் நல்ல ஆசிரியை. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும்.

எப்படிச் செய்வது என்பதை ஒரு உதாரணத்தோடு காட்டுகிறேன். தரம் 8 படித்த ஒரு பிள்ளை "எங்கள் ஊர்ச் சந்தை" என்று எழுதிக்கொண்டு வந்தாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்திலேயே வீடு. எழுதியிருந்தது இப்படி:

"எமது பிரதேசத்தில் காணப்படும் சந்தையானது மிகவும் முக்கியத்துவம் வாய்ந்ததாகும். இங்குப் பல்வேறு வகையான மரக்கறிகள் விற்பனை செய்யப்படுகின்றன. மக்கள் பெருமளவில் வருகை தருகின்றனர்."

இதில் எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை இல்லை. சிவப்புப் பேனைக்கு இங்கே வேலையே இல்லை. ஆனால் இந்த மூன்று வசனத்தையும் வெட்டி மருதனார்மடச் சந்தைக்கோ சுன்னாகச் சந்தைக்கோ ஒட்டலாம், கொழும்பில் எந்தச் சந்தைக்கும் ஒட்டலாம். பிள்ளை சந்தையைப் பார்த்து எழுதவில்லை. கட்டுரை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறாள். நான் கொப்பியை மூடிவைத்துவிட்டுக் கதை கேட்டேன்.

"சந்தைக்கு ஆரோட போறனீ?"

"அம்மம்மாவோட."

"அம்மம்மா எப்பிடி மரக்கறி வாங்குவா?"

"வெண்டிக்காய் எண்டால் நுனியை முறிச்சுப் பாத்துத்தான் வாங்குவா. கடைக்காரர் ஏசுவார்."

"என்னெண்டு?"

"எல்லாத்தையும் முறிச்சால் மிச்சத்தை ஆர் வாங்குறது எண்டு."

"பிறகு?"

"பிறகும் அவரிட்டத்தான் போவம்."

சரி, இப்ப சொன்னதை எழுது என்று கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் எழுதியது: "அம்மம்மா வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துத்தான் வாங்குவார். எல்லாவற்றையும் முறித்தால் மிச்சத்தை யார் வாங்குவது என்று கடைக்காரர் ஏசுவார். ஆனாலும் அடுத்த கிழமையும் நாங்கள் அவரிடமே போவோம்."

இதற்குள் என்னுடைய சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் கொடுத்தது நாலு கேள்வி. பேச்சுத் தமிழில் சொன்னதை எழுத்துத் தமிழுக்கு மாற்றியதும் அவளேதான். "இன்னும் விரிவாக எழுதவும்", "சுவை போதாது" என்று ஓரத்தில் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? "மிகவும்" என்ற சொல்லை இன்னும் இரண்டு இடத்தில் போட்டுக்கொண்டு வந்திருப்பாள். விரிவு என்றால் என்ன என்று பிள்ளைக்குத் தெரியாது. ஆர், எப்பிடி, பிறகு என்ன என்று கேட்டால் பதில் தெரியும்.

கேள்வி கேட்டபின் பேசாமல் இருக்கவும் பழக வேண்டும். எங்கள் ஆசிரியர்களுக்கு மிகக் கஷ்டமான பாடம் இது என்பது என் எண்ணம். பிள்ளை கூரையைப் பார்க்கும், பேனை மூடியைக் கடிக்கும். அந்த நேரத்தில் விடையை எடுத்துக் கொடுக்க வாய் உன்னும். கொடுக்காதீர்கள், காத்திருங்கள். ஆறு பேரோடும் தனித்தனியாக இருக்க நேரம் எங்கே என்று நினைப்பீர்கள். ஐந்து பேர் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவரைக் கூப்பிட்டு ஏழெட்டு நிமிடம் கதைத்தால் போதும். இரவு நீங்கள் கொப்பியோடு இருக்கும் நேரத்தைவிட அது குறைவுதான்.

எதை முதலில் பார்ப்பது என்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். சொல்ல வந்த விசயம் இருக்கிறதா, அது வரிசையாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு வசனம். எழுத்துப்பிழை கடைசியில். மேலே சொன்ன சந்தைக் கட்டுரையில் முதல் பந்தி முழுவதும் போய்விட்டது. அதில் ஒற்றுப் பிழை இருந்து நான் திருத்தியிருந்தாலும் அவளுக்கும் வீண், எனக்கும் வீண்.

பிழை என்று வரும்போது, அதை எண்ணுவதை விட்டுவிட்டு வகை பிரித்துப் பாருங்கள். 1970 இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம், அந்த நகரில் உயர்நிலைப் பாடசாலை முடித்த எல்லாருக்கும் கதவைத் திறந்தது. வந்து சேர்ந்த பிள்ளைகளின் எழுத்தைப் பார்த்து விரிவுரையாளர் பலர் இதைத் திருத்தவே முடியாது என்று கைவிட்டார்கள். மினா ஷோனசி என்ற ஆசிரியை கைவிடவில்லை. ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை எடுத்து வைத்து, ஒவ்வொரு பிழையும் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். 1977 இல் அவர் வெளியிட்ட நூல் காட்டியது இதைத்தான்: பிழைக்குள் பிள்ளையின் ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தால் ஒரு கொத்துப் பிழை சேர்ந்து போகும்.

எங்கள் பிள்ளைகளின் கொப்பியிலும் அதைக் காணலாம். "மாமாவும் மாமியும் கனடாவில் இருந்து வந்தார்கள். அவை எங்களோடு ஒரு மாதம் நின்றன" என்று ஒரு பிள்ளை எழுதினால், கவனமில்லாத பிள்ளை என்று நினைக்காதீர்கள். வீட்டில் நாங்கள் எல்லாரும் "அவை வந்தவை", "அவை சொன்னவை" என்று மனிதரைத்தானே சொல்கிறோம்! பிள்ளை அந்த "அவை"யை அப்படியே எடுத்து, பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணத்தின்படி அதற்குப் பொருத்தமாக "நின்றன" என்று முடித்திருக்கிறது. இரண்டு சரியான விசயத்தைச் சேர்த்ததில் வந்த பிழை இது. "வீட்டிலை சொல்லுற அவை, எழுதேக்கை அவர்கள்" என்று ஒரு தரம் விளங்கப்படுத்தினால் கட்டுரை முழுவதிலும் அது திருந்தும். "நின்றன" என்பதை மட்டும் வெட்டி "நின்றார்கள்" என்று எழுதிவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது.

ஒற்றுப் பிழைக்கு நல்ல மருந்து, பிள்ளையைக் கொண்டு சத்தமாக வாசிப்பிப்பது. கொப்பியில் "வீட்டுக்கு போனேன்" என்று இருக்கும். வாசிக்கும்போது நாக்கு தானாகவே "வீட்டுக்குப் போனேன்" என்று சொல்லும். அந்த இடத்தில் நிறுத்தி, "நீ வாசிச்ச மாதிரித்தானா எழுதியிருக்கிறாய்?" என்று கேளுங்கள். பிள்ளை குனிந்து பார்க்கும், சிரிக்கும், தானே "ப்" போடும். அதற்குப் பிறகு நான்காம் வேற்றுமை "கு"வுக்கும் இரண்டாம் வேற்றுமை "ஐ"க்கும் பின்னால் வல்லினம் மிகும் என்ற விதியைச் சொன்னால் அது ஏறும். இந்த இரண்டு விதி மட்டுமே ஒரு பக்கத்தின் ஒற்றுப் பிழையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். மூச்சு வாங்கும் அளவுக்கு நீண்ட வசனமும் வாசிக்கும்போது தானே பிடிபடும்.

ஆனால் ழகர ளகரத்துக்கு இந்த மருந்து வேலை செய்யாது. எங்கள் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. வாழை மரத்தையும் வாளை மீனையும் ஒரே மாதிரித்தான் சொல்கிறோம். அது காதால் பிடிபடாது, கண்ணால்தான் பழக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தான் பிழைவிடும் சொற்களைத் தானே எழுதிக்கொண்டு வரட்டும். ஒருவரின் பட்டியல் மற்றவருடையதாக இருக்காது.

ஒரு கட்டுரையில் ஒரு வகை, மிஞ்சினால் இரண்டு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பொட்டு வைத்தால் போதும். அந்த வரியில் எது பிழை என்று பிள்ளை தேடட்டும். மற்றப் பிழைகள் அப்படியே கிடக்கும். உங்களுக்கு மனம் பொறுக்காது, ஆனாலும் விட்டுவிடுங்கள். அதேபோல அடியில் "நன்று" என்று மட்டும் எழுதுவதாலும் பயனில்லை. எந்த வசனம் நன்று என்று கோடிட்டு, அது ஏன் உங்களுக்குப் பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். தன் கையில் எது நல்லது என்று தெரிந்தால்தான் பிள்ளை அதைத் திரும்பச் செய்யும்.

நாலு வரித் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குக் கவலையாக இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. நாலு வரி எழுதினால் நாலு வரிக்குத்தான் பிழை வரும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அவனுடைய கொப்பியில் கொஞ்சக் காலத்துக்குப் பிழையே பார்க்காதீர்கள். வகுப்புத் தொடங்கும்போது எல்லாப் பிள்ளைகளையும் பத்து நிமிடம் பேனை நிற்காமல் எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் வராவிட்டால் "என்ன எழுதுவதென்று தெரியவில்லை" என்றே எழுதிக்கொண்டிருக்கலாம். அதை நீங்கள் வாங்கிப் பார்க்கக்கூடாது, அதுதான் ஒப்பந்தம். பேப்பரில் கை ஓடப் பழகவே அது. அப்புறம் தலைப்பு. "மழைக்காடுகளின் முக்கியத்துவம்" என்று கொடுத்தால் அவன் என்ன செய்வான்? மழைக்காட்டை அவன் கண்டானா? சைக்கிளுக்கு ஒட்டுப் போடத் தெரியுமா, வீட்டில் ஆடு நிற்கிறதா, பட்டம் கட்டுவானா என்று விசாரியுங்கள். தைப்பொங்கல் காலத்துப் பட்டத்துக்கு விண் (காற்றில் ஒலி எழுப்பும் நார்) கட்டத் தெரிந்த பையன் என்றால், அதைத் தெரியாத உங்களுக்கு அவன் சொல்லித் தரட்டும். அவன் சொல்லச் சொல்ல முக்கியமான சொற்களை மட்டும் ஒரு துண்டில் குறித்து அவனிடமே கொடுங்கள். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு எழுதும்போது பத்து வரி வரும். அந்தப் பத்து வரியை மற்றப் பிள்ளைகளுக்கு அவனே வாசித்துக் காட்டட்டும்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சைப் புள்ளியை நினைத்துப் பயப்படுகிறார், அதில் பிழையில்லை. பாடமாக்க வேண்டியவையும் உண்டு. அலுவலகக் கடிதத்தில் முகவரி எங்கே, திகதி எங்கே, எப்படி விளிப்பது, எப்படி முடிப்பது என்பதெல்லாம் மாறாத அமைப்பு. அதைக் கேட்டவுடன் எழுதும் அளவுக்குப் பாடமாக்கட்டும். கட்டுரை அப்படியில்லை. "நூலகத்தின் பயன்" என்ற கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டு போன பிள்ளைக்கு, "ஒரு பழைய புத்தகம் தன் கதையைக் கூறுகிறது" என்று தலைப்பு வந்தால் என்ன செய்யும்? பாடமாக்கியதையே கொட்டிவிட்டு வரும். விடைத்தாள் திருத்தப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரே தொடக்கப் பந்தி கட்டுக்கட்டாக வருவதைச் சொல்வார்கள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான் இது. அந்தப் பிள்ளையிடம் சொந்தமாக எழுதிய பழக்கமும் மிஞ்சியிருக்காது.

அம்மாவுக்கு வாயால் விளங்கப்படுத்துவதைவிடக் காட்டுவது நல்லது. பிள்ளை உங்களிடம் வந்தபோது எழுதிய முதல் கட்டுரையையும், மூன்று மாதம் கழித்து எழுதியதையும் திகதியோடு ஒரு கோப்பில் வைத்திருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். தரம் 11 பிள்ளைகளுக்குக் கடைசி மாதங்களில் கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூடு வைத்துச் செய்வியுங்கள். பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளைத் தேடி எடுத்து வாசியுங்கள். புள்ளி எதற்கு வழங்கப்படுகிறது, மாணவர் எங்கே இழக்கிறார்கள் என்று அவற்றில் இருக்கிறது. பெற்றாரோடு பேசும்போது அது கைகொடுக்கும்.

மாதிரிக் கட்டுரைகளை எறியவும் வேண்டாம். ஒன்றை எடுத்துப் பந்தி பந்தியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். ஏன் இந்தப் பந்தி முன்னால் வரவேண்டும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடுவார்கள். அப்போதுதான் கட்டுரையின் எலும்புக்கூடு பிடிபடும்.

எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி எழுதச் சொன்னால் 1981 இல் எரிக்கப்பட்டது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதுவார்கள். அது எழுதப்படத்தான் வேண்டும். ஆனால் எழுதுவதற்கு முன், அந்தக் காலத்தில் அங்கே போய் வாசித்த ஒருவர் வீட்டிலோ அயலிலோ இருப்பார், அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வா என்று அனுப்புங்கள். அப்பப்பா எந்த மேசையில் இருந்து என்ன வாசித்தார் என்பது எந்த அச்சடித்த கட்டுரையிலும் இராது. இப்போது கைத்தொலைபேசியில் தலைப்பைக் கொடுத்தால் கட்டுரை வந்து விழுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதற்கும் இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. முதல் வரைவை உங்கள் விறாந்தையில், உங்கள் முன்னால் எழுதட்டும்.

தமிழ்மொழித் தினப் போட்டிக் காலத்தில் "பேச்சு ஒன்று எழுதித் தாங்கோ" என்று கேட்டு வருவார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளையைக் கதைக்க விட்டு, கதைத்ததை ஒழுங்குபடுத்த உதவுங்கள். பரிசு கிடைக்காமல் போகலாம். அதை முன்னரே பெற்றாரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. கதை, கவிதை எழுதாதது ஒரு குறையே இல்லை. ஆறுமுக நாவலர் பெருமானை இன்றும் கொண்டாடுவது பெரும்பாலும் அவருடைய உரைநடைக்காகத்தானே. "வசனநடை கைவந்த வல்லாளர்" என்று பரிதிமாற்கலைஞர் போற்றியது அதைத்தான். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர், அங்கே படித்த பிள்ளைகளுக்காகப் பாலபாடங்களைப் படிப்படியாக எழுதினார். எளிமையில் தொடங்கி மெல்ல மெல்லக் கடினத்துக்குப் போகும் அந்த ஒழுங்கை ஒரு ஆசிரியையின் கண்ணோடு திரும்ப வாசித்துப் பாருங்கள்.

நீங்கள் எழுத வேண்டியது கட்டுரைதான். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே தலைப்பில், அதே நாற்பது நிமிடத்தில், அதே விறாந்தையில் இருந்து நீங்களும் எழுதுங்கள். எங்கே பேனை நிற்கிறது, எந்த வசனத்தை வெட்டுகிறீர்கள், தொடக்கம் வராமல் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் தெரியவரும். வெட்டியதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பெரியவர்களும் வெட்டி வெட்டித்தான் எழுதுகிறார்கள் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

நூலகம் என்ற இணைய நூலகத்தில் பழைய பாடசாலை மலர்கள் நிறைய இருக்கின்றன, இலவசம். மாணவர் எழுதிய கட்டுரைகளை எடுத்து வாசித்து, இந்தப் பிள்ளை என் முன்னால் இருந்தால் எந்த ஒரு கேள்வியைக் கேட்பேன் என்று எழுதிப் பாருங்கள். தனியே இருந்து செய்ய இதைவிட நல்ல பயிற்சி இல்லை. நியமனம் கிடைத்தபின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் செய்வீர்கள், வகுப்பறை முழுவதற்கும் அது உதவும். அதுவரை காத்திராமல், உங்களைப் போலப் படிப்பித்துக்கொண்டிருக்கும் ஒரு தோழியைப் பிடியுங்கள். மாதம் ஒரு முறை இருவரும் ஒரே கொப்பியின் பிரதியை எடுத்துத் தனித்தனியே வாசித்து, என்ன கேட்பீர்கள் என்று ஒப்பிடுங்கள். அவர் கண்டதை நீங்கள் காணாமல் விட்டிருப்பீர்கள். முடிந்தால் ஒரு நாள் அவருடைய வகுப்பில் போய்ப் பின்னால் இருங்கள், இன்னொரு நாள் அவர் உங்களுடைய வகுப்புக்கு வரட்டும். யார் அதிகம் கதைத்தது, ஆசிரியையா பிள்ளையா என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.